ஒரு சிவப்புத் துளி பிறந்த கதை

1849ஆம் ஆண்டு. லண்டன் கைஸ் மருத்துவமனையின் மருத்துவர் தாமஸ் அடிசன், சக மருத்துவர்கள் கூடியிருந்த சங்கக் கூட்டம் ஒன்றில் விசித்திரமான நோய் ஒன்றைப் பற்றிப் பேசினார். அந்த நோயாளிகளுக்கு எங்கிருந்தும் இரத்தம் போகவில்லை, புற்றும் இல்லை. உடம்புகூடப் பெரிதாக மெலியவில்லை. ஆனால் முகம் நாளுக்கு நாள் வெளுத்தது. நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கியது. கடைசியில் படுக்கையிலேயே உயிர் பிரிந்தது. உடலை அறுத்துப் பார்த்தும் அடிசனுக்குக் காரணம் பிடிபடவில்லை. 1872இல் ஜூரிச்சில் அன்டோன் பியர்மர் அதே நோயைக் கொடிய இரத்தசோகை என்று விவரித்தார். கொடியது என்று சொல்ல முடிந்ததே தவிர, அவராலும் ஒருவரையும் காப்பாற்ற முடியவில்லை. அந்த நோயின் சாவி எங்கே கிடக்கிறது என்று தெரியாமலேயே, அறுவை சிகிச்சை மருத்துவர்கள் அதற்கு மிக அருகில் கத்தியைக் கொண்டுபோனார்கள்.

1881 ஜனவரியில், வியன்னாவில் தியோடர் பில்ராத், புற்று பாதித்த இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் குடலோடு தைத்தார். நோயாளி பிழைத்து எழுந்தார். சில மாதங்களில் புற்று மீண்டும் பரவி அவரைக் கொண்டுபோனாலும், இரைப்பையில் கைவைக்கலாம் என்ற தைரியம் ஐரோப்பா முழுவதும் பரவிவிட்டது. 1897இல் ஜூரிச்சில் கார்ல் ஷ்லாட்டர் ஒருபடி மேலே போய் முழு இரைப்பையையும் அகற்றினார். இரைப்பையே இல்லாத அந்தப் பெண்மணி சாப்பிட்டார், செரித்தார், ஓராண்டுக்கு மேல் உயிரோடு இருந்தார். அப்படியானால் இரைப்பை வெறும் சேமிப்புப் பைதானா என்று மருத்துவ உலகம் வியந்தது. அவர் ஐந்தாண்டு வாழ்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அன்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கதை அடுத்து அமெரிக்காவுக்குப் போனது. 1920களில் ஜார்ஜ் விப்பிள் என்ற நோயியல் அறிஞர், தன் சக ஆய்வாளர் ஃப்ரீடா ராப்ஷைட்-ராபின்ஸுடன் நாய்களின் உடலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தை எடுத்து, அவற்றைச் சோகையாக்கினார். பிறகு விதவிதமான உணவு கொடுத்து, எதைத் தின்றால் இரத்தம் விரைவாக ஊறுகிறது என்று கணக்கெடுத்தார். ரொட்டியும் பாலும் பெரிதாக உதவவில்லை. ஈரல் கொடுத்தபோதுதான் இரத்தம் மளமளவென்று ஏறியது. உண்மையில் அந்த நாய்களுக்கு இருந்தது இரும்புச்சத்துக் குறைவு. ஈரலில் இருந்த இரும்பு அதைச் சரிசெய்தது. அடிசன் பார்த்த நோய்க்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் அந்த வேறுபாடு அப்போது யாருக்கும் தெரியாமல் போனதுதான் பல்லாயிரம் உயிர்களின் அதிர்ஷ்டமாக முடிந்தது.

பாஸ்டனில் ஜார்ஜ் மைனாட் விப்பிளின் ஆய்வைக் கூர்ந்து கவனித்தார். கொடிய இரத்தசோகையோடு பல காலமாக மல்லுக்கட்டி வந்த மருத்துவர் அவர். 1921இல் அவருக்கே கடும் நீரிழிவு நோய் வந்தது. அந்தக் காலத்தில் அது மரண தண்டனைக்குச் சமம். ஒவ்வொரு கவளத்தையும் தராசில் நிறுத்துச் சாப்பிட்டு நாளைக் கடத்தினார். உடம்பு கரைந்துகொண்டே போனது. கனடாவின் டொராண்டோவில் அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டிருந்த இன்சுலின், சரியான நேரத்தில் பாஸ்டனுக்கு வந்து சேர்ந்தது. மைனாட் பிழைத்தார். பிழைத்தவர் தன் நோயாளிகளின் தட்டை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

வில்லியம் மர்ஃபி என்ற இளம் மருத்துவரோடு சேர்ந்து, நோயாளிகளுக்கு நாள்தோறும் ஏறத்தாழ கால் கிலோ ஈரலை, அதிகம் வேகவைக்காமல் கொடுத்தார் மைனாட். சாப்பாட்டைக் கண்டாலே குமட்டும் நிலையில் இருந்தவர்களை அதை விழுங்க வைப்பதே பெரும்பாடாக இருந்தது. விழுங்கியவர்களின் இரத்தத்தில் ஒரு வாரத்துக்குள் இளம் சிவப்பணுக்கள் பெருக ஆரம்பித்தன. சாவுக்காகக் காத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், பசிக்கிறது என்றார்கள். 1926இல் 45 நோயாளிகளின் விவரங்களோடு அவர்கள் அறிக்கை வெளியிட்டார்கள். விப்பிள், மைனாட், மர்ஃபி மூவருக்கும் 1934இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் பாஸ்டனிலேயே இன்னொரு இளம் மருத்துவரின் மனத்தில் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டிருந்தது.

வில்லியம் காசில் என்ற அந்த மருத்துவர் யோசித்தது இதுதான். ஆரோக்கியமான மனிதர் யாரும் தினமும் கால் கிலோ ஈரல் தின்பதில்லை. ஆனாலும் அவர்களுக்கு இந்த நோய் வருவதில்லை. அப்படியானால் அவர்களுடைய வயிற்றில் இருக்கும் ஏதோ ஒன்று இந்த நோயாளிகளின் வயிற்றில் இல்லை. இதைச் சோதிக்க அவர் தேர்ந்தெடுத்த வழி துணிச்சலானது. முதலில் பத்து நாள் நோயாளிகளுக்கு மாட்டிறைச்சியை மட்டும் கொடுத்தார். இரத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு அதே இறைச்சியைத் தானே தின்று, ஒரு மணி நேரம் தன் வயிற்றில் வைத்திருந்து, வெளியே எடுத்து, பக்குவப்படுத்தி, குழாய் வழியாக நோயாளிகளுக்குச் செலுத்தினார். சில நாட்களில் சிவப்பணுக்கள் பெருகின. 1929இல் இதை உலகுக்கு அறிவித்தார். உணவிலிருந்து ஒரு பொருளும் இரைப்பையிலிருந்து இன்னொரு பொருளும் சந்தித்தால்தான் இரத்தம் ஊறும். இரைப்பைச் சுவர் சுரக்கும் அந்த உள்காரணி இல்லையென்றால் உணவில் எவ்வளவு இருந்தும் பயனில்லை. இரைப்பை வெறும் பை இல்லை என்பது நிரூபணமானது. ஷ்லாட்டரின் காலத்தில் கேட்கப்படாத கேள்விக்கான பதிலும் பயங்கரமாக வெளிப்பட்டது.

இரைப்பை முழுவதும் அகற்றப்பட்டுப் பிழைத்தவர்கள் மூன்று, நான்கு, ஐந்து ஆண்டுகள் நன்றாக நடமாடிவிட்டு, திடீரென்று அடிசனின் நோயாளிகளைப் போல் வெளுத்தார்கள். சிலருக்குப் பாதம் மரத்தது, நடை தள்ளாடியது. இத்தனை ஆண்டு ஏன் தாமதம்? காரணம் கல்லீரலில் இருந்தது. உணவிலிருந்து வரும் அந்த மர்மப் பொருளைக் கல்லீரல் சில மில்லிகிராம் சேமித்து வைத்திருக்கிறது. உடலுக்குத் தேவையோ நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். வரவு நின்ற பிறகும் கையிருப்பு வருடக்கணக்கில் தாங்கியது. கையிருப்பு தீரும் நாளில்தான் நோய் முகம் காட்டியது. அதற்குள் தையலின் தழும்புகூட மங்கியிருந்தது. அறுவைக்கும் நோய்க்கும் முடிச்சுப் போட்டுப் பார்க்க ஆள் இல்லை. இனி அந்த மர்மப் பொருளைப் பிடித்தே ஆக வேண்டியிருந்தது.

அதைத் தேடியவர்களில் ஒருவர் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். கதர் அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதில் ஒருபடி குறைந்த சான்றிதழோடு வெளியேறியவர். சகோதரர்கள் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர். 1923இல் பாஸ்டன் போய்ச் சேர்ந்த அவர், பின்னாளில் லெடர்லே நிறுவனத்தில் ஆராய்ச்சியை வழிநடத்தினார். 1945இல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அது வரமாக வந்தது. கொடிய இரத்தசோகை நோயாளிகளுக்குக் கொடுத்தபோதும் இரத்தம் அழகாகத் தேறியது. தேடிய பொருள் கிடைத்துவிட்டது என்று உலகம் கொண்டாடத் தொடங்கியது. ஆனால் மாதங்கள் போகப் போக அதே நோயாளிகளின் கால்கள் செயலிழந்தன. இரத்தம் நலமாக இருந்தபோதே தண்டுவடம் அழிந்துகொண்டிருந்தது. ஃபோலிக் அமிலம் நோயின் முகத்தைத்தான் மறைத்திருந்தது. நோய் உள்ளே அப்படியே இருந்தது.

அடுத்த அதிர்ஷ்டம் தயிரைப் புளிக்கவைக்கும் வகையைச் சேர்ந்த ஒரு நுண்ணுயிரின் வடிவில் வந்தது. ஈரல் சாற்றைச் சுத்திகரித்தவர்களுக்கு ஒரு பெரிய இடைஞ்சல் இருந்தது. எந்தக் குப்பியில் சரக்கு இருக்கிறது, எதில் இல்லை என்று அறிய ஒவ்வொரு முறையும் ஒரு நோயாளியைத் தேடி, மருந்து கொடுத்து, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் கோழியினத் துறையில் இடம் தேடிக்கொண்ட நுண்ணுயிரியல் அறிஞர் மேரி ஷார்ப், ஒரு குறிப்பிட்ட லாக்டோபேசில்லஸ் கிருமி ஈரல் சாறு இருந்தால் மட்டுமே வளர்வதைக் கவனித்திருந்தார். இரத்தசோகையைக் குணப்படுத்தும் பொருளைத்தான் இந்தக் கிருமியும் கேட்கிறதோ என்று அவருக்குத் தோன்றியது. மெர்க் நிறுவனம் சொற்பத் தொகை கொடுத்து அவரைச் சோதித்துப் பார்க்கச் சொன்னது. அவர் நினைத்தது சரியாக இருந்தது. கிருமி வளர்ந்தால் சரக்கு இருக்கிறது, வளராவிட்டால் இல்லை. வருடங்கள் பிடித்த தேடல் இப்போது மாதங்களில் முடியப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. முடிவில் என்ன கிடைக்கும் என்பதுதான் தெரியவில்லை.

1948 ஏப்ரலில் பதில் வந்தது. மெர்க் நிறுவனத்தில் கார்ல் ஃபோக்கர்ஸின் குழு, டன் கணக்கான ஈரலிலிருந்து சில மில்லிகிராம் படிகங்களைப் பிரித்தெடுத்திருந்தது. சில வாரங்களில் இங்கிலாந்தின் கிளாக்ஸோவில் லெஸ்டர் ஸ்மித்தும் அதே பொருளைப் பிடித்தார். சில மைக்ரோகிராம் ஊசியாகப் போட்டாலே நோயாளி தேறினார். அதைவிட எல்லோரையும் வியக்கவைத்தது படிகத்தின் நிறம்: அடர் சிவப்பு. அந்த ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். தான் தேடிய பொருள் கண்டெடுக்கப்பட்டதை உலகம் அறிந்த அதே ஆண்டில். நிறத்தின் ரகசியத்தை ஆக்ஸ்ஃபோர்டில் டாரதி ஹாட்ஜ்கின் எக்ஸ் கதிர்களால் துருவினார். ஹைட்ரஜனை விட்டுவிட்டு எண்ணினாலே 93 அணுக்கள் பின்னிக்கிடந்த மூலக்கூறு அது. எட்டு ஆண்டு உழைப்புக்குப் பின் 1956இல் முழு வடிவமும் தெரிந்தது: நடுவில் ஒரே ஒரு கோபால்ட் அணு. ஹாட்ஜ்கினுக்கு 1964இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இதற்கிடையே, காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினைத் தரும் நுண்ணுயிரே இந்தச் சிவப்புப் பொருளையும் தயாரிப்பது தெரியவந்தது. டன் கணக்கில் ஈரல் தேவைப்பட்ட மருந்து மலிவாகி, ஊர்தோறும் மருந்துக்கடைக்கு வந்து சேர்ந்தது.

மருத்துவர் சத்து ஊசி என்று எழுதிக்கொடுப்பதும், மருந்துக்கடைக்காரர் உறை பிரித்துக் கொடுப்பதும், குப்பிக்குள் சிவப்பாக மின்னுவதுமான பி12 வைட்டமின்தான் அது. கதை இத்தோடு சுபமாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் இரைப்பைக்கு அறுவை செய்யும் வழக்கம் முற்றிலும் புதிய காரணத்துக்காகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

1950களில், உடல் பருமனைக் குறைக்க மினசோட்டாவில் சில மருத்துவர்கள் சிறுகுடலின் பெரும்பகுதியைத் தாண்டிப்போகும் குறுக்குவழி ஒன்றை யோசித்தார்கள். 1954இல் அது ஆய்விதழில் வெளிவந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோருக்கு இவ்வகை அறுவை நடந்தது. பரவலாகச் செய்யப்பட்ட ஒரு முறையில், உணவு செல்லும் சிறுகுடல் அரை மீட்டருக்கும் குறைவாகச் சுருங்கியது. எடை அதிசயமாக இறங்கியது. கூடவே ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், மூட்டுவலி, வைட்டமின் பற்றாக்குறை, சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பு. பலருக்கு மறுபடி வயிற்றைத் திறந்து குடலைப் பழையபடி இணைக்க வேண்டியதாயிற்று. எடைக்குறைப்பு அறுவை என்ற யோசனையே புதைகுழிக்குப் போயிருக்க வேண்டிய கட்டத்தில், அயோவாவில் ஒரு மருத்துவர் வேறொன்றைக் கவனித்தார்.

அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன், அல்சருக்காக இரைப்பையின் பகுதியை இழந்தவர்கள் பிறகு எடை கூடுவதற்கே சிரமப்படுவதைக் கண்டார். மற்றவர்கள் பக்கவிளைவு என்று வருத்தப்பட்டது அவருக்கு வழியாகத் தெரிந்தது. 1966இல் சிக்காஷி இட்டோவோடு சேர்ந்து இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, நேரே சிறுகுடலோடு இணைத்தார். இரைப்பை பைபாஸ் பிறந்தது. பின்னால் வந்தவர்கள் பையை ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் அளவுக்குச் சுருக்கினார்கள். சுவிட்சர்லாந்தின் சேசார் ரூ என்ற பழைய அறுவை மருத்துவரின் இணைப்பு முறையைப் பொருத்தினார்கள். 1990களில் லேப்ராஸ்கோப்பி வந்ததும் சிறு துளைகள் வழியாகவே செய்து முடித்தார்கள். நீரிழிவு கட்டுக்குள் வந்தது, மூச்சுத்திணறல் நின்றது, ஆயுள் நீண்டது. ஆனால் இந்த வெற்றிக்குள் காசில் 1929இல் கண்ட உண்மை உறங்கிக்கொண்டிருந்தது.

இறைச்சியிலும் பாலிலும் இருக்கும் பி12 புரதத்தோடு ஒட்டிக்கிடக்கிறது. அதைப் பிரித்தெடுக்க இரைப்பையின் அமிலம் வேண்டும். பிரிந்த பிறகு உள்காரணி அதைப் பற்றிக்கொண்டு சிறுகுடலின் கடைக்கோடிவரை கொண்டுபோக வேண்டும். அமிலமும் உள்காரணியும் ஊறும் பெரும்பகுதி, பைபாஸுக்குப் பின் உணவின் பாதையிலிருந்து விலகிவிடுகிறது. முன்சிறுகுடலைத் தாண்டிப் போவதால் அங்கே உறிஞ்சப்பட வேண்டிய இரும்பும் கால்சியமும் நழுவின. மாதவிடாய் வரும் பெண்களுக்கு இரத்தசோகை விரைவில் வந்தது. எலும்புகள் சத்தமில்லாமல் தேய்ந்தன. தாமிரம் குறைந்த சிலரின் தண்டுவடம், பி12 குறைந்ததைப் போலவே பாதிக்கப்பட்டது. அறுவைக்குப் பின் ஓயாமல் வாந்தியெடுத்த சிலருக்கோ வருடங்கள் வரை காத்திருப்பே இல்லை; தயமின் என்ற பி1 வைட்டமினின் சிறிய கையிருப்பு சில வாரங்களிலேயே வற்றி, பார்வை இரட்டையாகி, நினைவு குழம்பியது. பி12 மட்டும் தன் பழைய வழக்கப்படி காத்திருந்தது.

தப்பிக்க வழி ஏதும் உண்டா என்று தேடியவர்களுக்கு ஒரு சின்ன ஆச்சரியம் கிடைத்தது. பி12ஐப் பெரும் அளவில் வாய்வழியே கொடுத்தால், உள்காரணியின் துணை இல்லாமலே அதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு குடல் சுவரைத் தானாகவே கடந்துவிடுகிறது. 1,000 மைக்ரோகிராம் விழுங்கினால் 10 மைக்ரோகிராமாவது உள்ளே போகும். தேவைக்கு அது தாராளம். ஸ்வீடன் மருத்துவர்கள் 1960களிலிருந்தே இதை நம்பி மாத்திரை கொடுத்தார்கள். ஊசிக்குப் பயந்தவர்களுக்கும் வழி பிறந்தது. இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டி இன்னொரு திருப்பம் வந்தது. மிக அதிக எடையால் பெரிய அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்கு, முதல் கட்டமாக இரைப்பையை நீளவாக்கில் வெட்டிக் குழாய்போல் ஆக்கினார்கள். இரண்டாம் கட்டத்துக்குத் தேதி குறிக்கும் முன்பே பலருக்குப் போதிய எடை குறைந்துவிட்டது. பாதிவழி ஏற்பாடாக இருந்த ஸ்லீவ் அறுவை தனிச் சிகிச்சையாகி, உலகெங்கும் பரவியது. இதில் குடல் தாண்டப்படுவதில்லை என்பதால் சத்துக்குறைவு வராது என்று பலர் நம்பினார்கள். வெட்டி அகற்றப்பட்ட முக்கால் பங்கு இரைப்பையோடு உள்காரணி சுரக்கும் செல்களில் பெரும்பகுதியும் போய்விட்டதை அவர்கள் மறந்தார்கள்.

1991இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, கடும் பருமனுக்கு எடைக்குறைப்பு அறுவையை ஏற்றுக்கொண்டபோதே வாழ்நாள் முழுவதும் மருத்துவக் கண்காணிப்பு அவசியம் என்று சொன்னது. பின்னாளில் அனுபவம் வழிகாட்டு நெறிகளாக எழுதப்பட்டது: பி12 நாள்தோறும் 350 முதல் 1,000 மைக்ரோகிராம் வாய்வழியே, அல்லது மாதம் ஒருமுறை 1,000 மைக்ரோகிராம் ஊசி, கால்சியம் 1,200 முதல் 1,500 மில்லிகிராம், அதுவும் அமிலம் குறைந்த வயிற்றுக்கு ஏற்ற சிட்ரேட் வடிவில், மாதவிடாய் வரும் பெண்களுக்கும் பைபாஸ் ஆனவர்களுக்கும் இரும்பு 45 முதல் 60 மில்லிகிராம், கால்சியத்தோடு சேர்க்காமல் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளியில், வைட்டமின் டி, தயமின், தாமிரம், துத்தநாகம், ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை. ஏட்டில் இருந்த இந்த நெறிகளுக்கு நடைமுறையில் ஒரு சோதனை காத்திருந்தது.

எடை குறைந்து, உடம்பு லேசாகி, மருத்துவமனைப் பக்கம் போக வேண்டிய அவசியமே இல்லை என்று தோன்றும் இரண்டாம், மூன்றாம் ஆண்டில்தான் மாத்திரை நிற்கிறது. கல்லீரலின் கையிருப்பு தீரத் தொடங்குவதும் அப்போதுதான். பால் தவிர வேறு பி12 சேராத சைவ உணவுக்காரர்கள் பலர் குறைந்த கையிருப்போடுதான் அறுவைக்கே வருகிறார்கள். அவர்களுக்குத் தவணை இன்னும் குறைவு. ஃபோலிக் அமிலம் மட்டும் தொடர்ந்து உள்ளே போனால், 1940களின் நோயாளிகளுக்கு நடந்ததுபோல் இரத்தம் நலமாகத் தெரிய, நரம்பு உள்ளே பழுதாகிறது. நரம்புச் சேதத்தை ஆரம்பத்தில் கண்டால் பெரும்பாலும் மீட்கலாம். தாமதித்தால் நடை முழுவதும் திரும்பாமலே போகலாம்.

பில்ராத்தின் நோயாளிக்கும் ஷ்லாட்டரின் நோயாளிக்கும் இந்தச் சிவப்புத் துளி கிடைக்கவில்லை. அன்று அது உலகத்திலேயே இல்லை. இன்று அது சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. நாய்களுக்குக் கொடுத்த ஈரலில் தொடங்கி, ஒரு மருத்துவரின் நீரிழிவையும் இன்னொருவரின் வயிற்றையும் ஒரு கிருமியின் பசியையும் கடந்து வந்த மருந்து அது. எடைக்குறைப்பு அறுவையின் சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் அதே மேசையில், வாழ்நாள் மாத்திரைப் பட்டியலும் ஐந்தாம் ஆண்டு, பத்தாம் ஆண்டுப் பரிசோதனைத் தேதிகளும் எழுதப்பட்டுக் குடும்பத்தார் கையிலும் கொடுக்கப்பட வேண்டும். அறுவையின் பாதி வேலை அதில்தான் இருக்கிறது.